யாரும் எதையும் தொடவில்லை

சென்னையில் ஒரு சர்வர் கம்பெனியில் எட்டு வருஷம் வாடிக்கையாளர் சேவையில் இருந்தேன். அந்த எட்டு வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. "நான் எதையும் தொடலை, அதுவா நின்னுபோச்சு" என்பதுதான். டாக்டர் சொல்லியிருக்கிறார். காலேஜ் முதல்வர் சொல்லியிருக்கிறார். ஒரு மடத்து மேனேஜர் சாமி மேல் சத்தியம் பண்ணியே சொல்லியிருக்கிறார். ஒருத்தரையும் நான் நம்பியதில்லை. சர்வர் தானாக நிற்காது. யாரோ ஒரு மகராசன் எதையோ நோண்டியிருப்பான், அவ்வளவுதான்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மங்கை போன் பண்ணி, "அக்கா, பேஜ் போச்சுக்கா, நான் எதையும் தொடலக்கா" என்றதும் எனக்குப் பாவமாக இல்லை. சுருக்கென்று கோபம்தான் வந்தது.

"தொடாமயா போச்சு? ஒம்போது மணிக்கு நல்லா ஓடுதுன்னு மெசேஜ் போட்டியே?"

"ஓடுச்சுக்கா. பூஜை முடிஞ்சு எல்லார் முன்னாடியும் திறந்தா ஐந்நூறுன்னு வருது. பன்னெண்டு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள ஓடலன்னா என் வேலை போயிடும்கா. கொஞ்சம் வாங்களேன்."

என் பெயர் அன்புக்கரசி. அன்பெல்லாம் பெயரோடு நின்றுவிட்டது, வாய்க்கு வரவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் சென்னையை விட்டுவிட்டு வந்தேன். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கிறேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டேதான் மாடிப்படி இறங்கினேன்.

மங்கை வேலை பார்ப்பது மல்லாட்டை கம்பெனியில்; சர்வர் வேலையில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சுற்றுவட்டாரத்து இருபது கிராமத்து விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற உழவர் கம்பெனி அது. பத்திரத்தில் இருக்கிற பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திருவண்ணாமலை பஸ் போய்விடும், அதனால் எல்லாருக்கும் மல்லாட்டை கம்பெனி. அவர்களுக்கு முன்னே ஒரு இலவச மெயில் இருந்தது. பழைய செயலாளரின் மகன் தன் போனில் திறந்து கொடுத்தது. அவன் துபாய்க்குப் போனான், போன இடத்தில் போனைத் தொலைத்தான், கம்பெனியின் மூன்று வருஷத்துக் கடிதங்களும் அந்தப் போனோடு போயின. அதற்குப் பிறகுதான் இவர்களுக்கு ரோஷம் வந்து, சொந்த சர்வர், சொந்த மெயில் என்று தீர்மானம் போட்டார்கள்.

பொருளாளர் ஏழுமலை அந்த வேலையைச் சென்னையில் இருக்கிற தன் மச்சானிடம் கொடுக்கச் சொன்னார். தலைவர் வீராசாமி, "நம்ம ஆபீஸ்லயே ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிட்டு உக்காந்திருக்குது, அது செய்யட்டும்" என்றார். ஏழுமலை விடவில்லை. வெள்ளிக்கிழமை பொதுக்குழுவில் ஓட்டிக் காட்ட வேண்டும், ஓடாவிட்டால் மச்சான் கம்பெனிக்கே வேலையைக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் ஆபீஸ் கடிதப் போக்குவரத்தையும் சேர்த்து அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் இங்கே தனியாக ஒரு ஆள் தேவையில்லை என்று சொல்லி, அதையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வைத்தார். எழுதியது மங்கைதான். தன் வேலைக்குத் தானே கெடு எழுதிக் கையெழுத்து வாங்கினாள் அந்தப் பெண்.

அவள் சிங்கவரம் காலனி. அவளுடைய நைனாவும் அம்மாவும் இந்த டைரக்டர்கள் சிலருடைய கொல்லையிலேயே மல்லாட்டை பிடுங்கியவர்கள். மகள் பி.எஸ்சி. படித்துவிட்டு அதே மல்லாட்டைக்கு ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது சிலருக்கு இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. வாயால் சொல்ல மாட்டார்கள். வேறு விதமாகத் தெரியும். மெயில் முகவரிப் பட்டியல் தயாரித்தபோது பதினொரு டைரக்டர்களுக்கும் பதினொரு முகவரி எழுதிக் கொடுத்தார்கள். அத்தனையையும் உண்டாக்கிய மங்கைக்கு ஒன்று இல்லை. "நீயே ஒண்ணு போட்டுக்கிட்டா இன்னா?" என்று கேட்டேன். "தீர்மானத்துல இல்லக்கா" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். ஹாலில் கற்பூர வாசனை. நாற்பது ஐம்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். மேஜையில் அந்தப் பழைய லேப்டாப், பொட்டு வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். சுவரில் தொங்கிய திரையில் வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து: 500, உள் சர்வர் பிழை. அதை இத்தனை பெரிதாக நான் பார்த்ததே இல்லை.

"வாம்மா" என்றார் ஏழுமலை. "காலையில நல்லாத்தான் இருந்துச்சாம். விளக்கேத்தி, கற்பூரம் காட்டித் திறந்தா இப்படி நிக்குது. கை ராசின்னு ஒண்ணு இருக்குதில்ல?"

மங்கை சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறியது. "சர்வருக்குக் கை ராசியும் கிடையாது, கால் ராசியும் கிடையாது" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை இழுத்தேன்.

"இரு இரு" என்று ஒரு டைரக்டர் எழுந்துவிட்டார். "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. பன்னெண்டு வரைக்கும். இப்ப போய் புதுசா எதையாவது தொடங்குவாங்களா?"

ஐந்தாறு தலைகள் ஆமாம் என்று ஆடின. பன்னிரண்டு மணிக்குள் ஓட வேண்டும், பன்னிரண்டு மணி வரை தொடக்கூடாது. நன்றாக இருக்கிறதே கதை என்று நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் வீராசாமி கையைக் காட்டினார். அறுபத்தைந்து வயது, தொண்டூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். அன்று புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தொடங்கறதுதான் கூடாது" என்றார். "கோளாறு இன்னான்னு பாக்கறது தொடங்கறதுல சேராது. நீங்க பாருங்கம்மா."

சபை ஒத்துக்கொண்டது. நாங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனோம். போகும்போதே நான் வாசலில் நின்று பொதுவாக ஒரு கேள்வி கேட்டேன்: "ஒம்போது மணிக்கு ஓடியிருக்குது. பத்து இருபதுக்கு ஓடல. நடுவுல யாராவது இதுல எதையாவது எழுதுனீங்களா, தொட்டீங்களா?"

பொட்டு வைத்தவர் பொட்டு வைத்தேன் என்றார். தலைவர், "எழுதறதா? ஒருத்தரும் ஒண்ணும் எழுதல" என்றார். எனக்குப் பழக்கமான பதில்தான்.

உள் அறையில் மங்கை தன் நோட்டை எடுத்து நீட்டினாள். இரண்டு வாரமாக அந்த மெயில் மென்பொருளை நிறுவும்போது வந்த ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே அடிக்கோடிட்ட எண், அதற்குக் கீழே விளக்கம். '404: விலாசம் எழுதியிருக்கு, அந்த விலாசத்துல வீடு இல்ல. ஃபோல்டர் பேர் மாத்தினேன், சரியாச்சு.' '403: வீடு இருக்கு, உள்ள வுட மாட்டேங்குது. பர்மிஷன் குடுத்தேன், சரியாச்சு.' '503: வாசல்ல ஆள் நிக்கறாரு, உள்ள வேலை செய்யறவரு தூங்கிட்டாரு. எழுப்பினேன், சரியாச்சு.' கடைசியில் இன்று காலை எழுதியது: '500: உள்ள ஏதோ கோளாறு. இன்னான்னு சொல்ல மாட்டேங்குது.' அதற்குக் கீழே வெறும் தாள்.

எட்டு வருஷத்தில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் ஒருத்தன்கூட இப்படிப் பொறுமையாக எழுதி வைத்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனசுக்குள் முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு ஓடியதைப் பார்த்த சந்தோஷத்தில் இவள் இன்னும் கொஞ்சம் அழகு பண்ணப் போய் பர்மிஷனைக் கலைத்திருப்பாள் என்பது என் தீர்ப்பு. அதனால் ஒவ்வொரு ஃபோல்டராக, ஒவ்வொரு ஃபைலாக பர்மிஷனைப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சர்வரில் இடம் நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. உள்ளே வேலை செய்கிறவர் தூங்கிவிட்டாரா என்று பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார். அரை மணி நேரம் ஓடிவிட்டது.

"உண்மையைச் சொல்லு" என்றேன். "இன்னாத்த மாத்தின? திட்ட மாட்டேன்."

"இப்பவே திட்டற மாதிரிதான்கா கேக்கறீங்க." அவள் குரல் உயரவில்லை. "ஒம்போது மணிக்கப்புறம் திரையில காட்டறதுக்கு 'அனைவரும் வருக'ன்னு தமிழ்ல ஒரு வரி அடிச்சேன், அது வேற ஃபைல். அதை மூடிட்டு எழுந்து விளக்குத் துடைக்கப் போயிட்டேன். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. லாக் பாத்தீங்களா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எட்டு வருஷம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் முதலில் லாக்கைப் பார், முதலில் லாக்கைப் பார் என்று கத்தியவள் நான். சர்வர் பக்கத்தில் பொதுவாக ஐந்நூறு என்று மட்டும் காட்டினாலும், உள்ளே ஒரு பதிவேட்டில் காரணத்தை எழுதி வைக்கும். அதுதான் லாக். கோபத்தில் அதை மறந்துபோயிருந்தேன். திறந்தேன்.

ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. புள்ளியில் பெயர் ஆரம்பிக்கிற ஒரு ஃபைலில் தனக்குத் தெரியாத கட்டளை ஒன்று இருக்கிறது என்று சர்வர் புலம்பியிருந்தது. புள்ளியில் ஆரம்பிக்கிற ஃபைல்கள் சாதாரணப் பட்டியலில் தெரியாது. அந்த ஒரு ஃபைலைத்தான் நான் திறக்கவே இல்லை. அந்தத் தெரியாத கட்டளை இப்படி இருந்தது: \xe0\xae\x89.

அறைவாசலில் எட்டிப் பார்த்த ஏழுமலை, "வைரஸா?" என்றார். குரலில் கொஞ்சம் ஆசைகூட இருந்தது.

"இல்லைங்க" என்றேன். சென்னையில் தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள் கெட்டுப்போய் வரும்போது இந்த மாதிரி ஆயிரம் பார்த்திருக்கிறேன். மூன்று மூன்றாக வரும். e0 என்று தொடங்கி அடுத்து ae வந்தால் அது தமிழ் எழுத்து. சர்வருக்குத் தமிழ் தெரியாததால் எண்ணாக எழுதி வைத்திருக்கிறது. எந்த எழுத்து என்று ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன்.

உ.

ஃபைலைத் திறந்தால் முதல் வரியில், தன்னந்தனியாக, உ. அதற்குக் கீழே நானும் மங்கையும் பாடுபட்டு எழுதிய கட்டளைகள் ஒன்றுகூடக் குலையாமல் அப்படியே இருந்தன. என் கண் மேஜையில் கிடந்த நோட்டுக்குப் போனது. பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி. "மங்கை..." என்றேன். திட்டுவதற்கு மூச்சை இழுத்தாயிற்று.

"நான் நோட்டுலதான்கா போடுவேன்" என்றாள் அவள். "ஃபைல்ல போட்டா ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஃபைல் கடைசியாக மாறிய நேரம் பத்து பதினாலு. மங்கை தன் போனை எடுத்து, கம்பெனி வாட்ஸாப் குழுவைத் திறந்து, ஒரு போட்டோவைக் காட்டினாள். ஏழுமலையே எடுத்து, பூ, கைகூப்பல் எல்லாம் சேர்த்துப் போட்டது. நேரம் பத்து பதினாலு. நடுவில் தலைவர் வீராசாமி, லேப்டாப் முன்னால் குனிந்து, ஒரு விரலை நீட்டிக் கீபோர்டில் வைத்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் மங்கை, முதுகைக் காட்டிக்கொண்டு கற்பூரம் ஏற்றுகிறாள்.

எல்லாம் புரிந்துவிட்டது. தலைவர் வருகிற தொண்டூர் பஸ் அன்று லேட். நல்ல நேரம் பத்தேகாலோடு முடிகிறது. ஒரு நிமிஷம்தான் பாக்கி. மங்கை வெறும் பக்கம் திறந்து கொடுக்கக் காத்திருந்தால் நேரம் போய்விடும் என்று, தலைவர் திரையில் திறந்தே கிடந்த இந்த ஃபைலின் உச்சியில் சுழியைப் போட்டு, மரியாதையாக ஒரு வரி இறக்கியும் விட்டிருக்கிறார். 'அனைவரும் வருக' அடித்ததிலிருந்து கீபோர்டு தமிழிலேயே இருந்தது, மங்கை அதில் தமிழ் எழுத்து ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தாள். தேடிக் கண்டுபிடித்திருப்பார். சேமிக்கத் தெரியாது அவருக்கு. தெரிய வேண்டியதும் இல்லை. அது பேட்டரி செத்த லேப்டாப். கரண்ட் போனால் வேலையும் போகிறதே என்று, அடித்தது அடித்தபடி தானாகவே சர்வரில் சேமிக்கும்படி வைத்துக் கொடுத்தது நான்தான்.

எழுதினீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றாரே, பொய் சொன்னாரா? அதுவும் இல்லை. பிள்ளையார் சுழி போடுவதை யார் எழுதுவது என்று சொல்வார்கள்? எழுதுவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது. என் எட்டு வருஷ அனுபவத்தில் முதல்முறையாக, ஒருத்தர் எதையும் தொடவில்லை என்று சொன்னதை நான் நம்பினேன்.

"வா" என்று எழுந்தேன். "அந்த போட்டோவைத் திரையில போட்டுக் காட்டறேன். கை ராசியாம் கை ராசி."

மங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தாள். "வேணாம்கா. அந்த எழுத்தை எடுத்துட்டு ஓட்டுங்க. யாருன்னு சொல்லாதீங்க."

"பழி உன் மேல இல்ல விழுது?"

"என்னை நம்பி வேலை குடுத்தது அவர் ஒருத்தர்தான். அத்தனை பேர் முன்னாடி அவரு தலை குனிஞ்சா எனக்கு நல்லாவா இருக்கும்? அதோட, நாளைக்கு அவர் பேச்சு சபையில எடுபடலன்னா, எனக்குன்னு பேச அங்க யார் இருக்கறா?"

மறுபடியும் உட்கார்ந்தேன். உ-வை அழித்தேன். பக்கத்தைத் திறந்தேன். பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, கம்பெனி முத்திரையோடு பளிச்சென்று நின்றது. மணி பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம்.

மங்கை அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு. நான் நோட்டைப் பார்ப்பது போல் இருந்தேன். அவளைச் சந்தேகப்பட்டது எனக்கு வெட்கமாக இருந்தது. அதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்றேன். "பரவால்லக்கா" என்றாள்.

பொதுக்குழு கூடியது. திரையில் மெயில் பக்கத்தைப் பார்த்ததும் பின்வரிசையில் கைதட்டினார்கள். ஏழுமலை எழுந்தார்.

"ஓடுது, சந்தோசம். ஆனா எப்படி ஓடுச்சு? அன்புக்கரசியம்மா வந்து சரி பண்ணதால ஓடுச்சு. நாளைக்கு மறுபடியும் நின்னா? இந்தப் பொண்ணால முடியலங்கிறது காலையிலயே தெரிஞ்சுபோச்சு. தீர்மானத்துல எழுதினபடி..."

என் கை அரித்தது. மங்கை தரையைப் பார்த்துக்கொண்டு மினிட்ஸ் புத்தகத்தில் அதையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இரு ஏழுமலை" என்றார் தலைவர். என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா கோளாறு?"

"ஒரு ஃபைலோட தலையில ஒரு எழுத்து வந்து உக்காந்திருந்ததுங்க. எடுத்துட்டோம்."

"பாத்தீங்களா" என்றார் ஏழுமலை. "தப்பா அடிச்சிருக்குது."

"மங்கை அடிக்கல" என்றேன். அதற்கு மேல் வாயை மூடிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அந்த நேரத்துல அவ கம்ப்யூட்டர் கிட்டயே இல்ல."

"எந்த நேரத்துல?" என்றார் வீராசாமி.

"பத்து பதினாலுக்கு."

அவர் மேல்துண்டை ஒதுக்கி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். காலையிலிருந்து அந்த போட்டோவை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பாரோ, யாரார் பேரனுக்கெல்லாம் அனுப்பியிருப்பாரோ, இரண்டே தட்டில் வந்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அப்புறம் மங்கையைப் பார்த்தார்.

"இன்னா எழுத்தும்மா அது?"

மங்கை எழுந்து நின்றாள். "பிள்ளையார் சுழிங்கய்யா."

வீராசாமி போனை மேஜையில் வைத்தார்.

"அது நான்" என்றார். "நான் போட்டது. ஒருத்தரும் எழுதலன்னு சொன்னதும் நான்தான்." சுற்றிப் பார்த்தார். "காலையிலேர்ந்து இந்தப் பொண்ணைக் கை ராசி இல்லன்னு பேசறோம். அதுக்குத் தெரிஞ்சிருக்குது. ஆனா ஒரு வார்த்தை என் பேரைச் சொல்லல."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. தலைவரும் சிரித்தார். ஆனால் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எடுத்துட்டோம்னா... அழிச்சுட்டீங்களா?"

நான் ஆமாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. முன்வரிசையில் ஒரு அம்மா நாக்கைச் சப்புக்கொட்டினார். "போட்ட சுழியை அழிக்கலாமா? முதல் முதல்ல போட்டது." இன்னும் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். ஏழுமலை மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது இருந்தால் சர்வர் ஓடாது, எடுத்தால் இவர்கள் மனசு ஓடாது. எனக்குப் பொறுமை போய்விட்டது. பிழை என்றால் பிழைதான், அழித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்ல எழுந்தேன்.

அதற்குள் மங்கை லேப்டாப்பிடம் போய்விட்டாள்.

"அய்யா, திருப்பிப் போட்டுடலாம்" என்றாள். திரையில் எல்லாருக்கும் தெரியும்படி அந்த ஃபைலைத் திறந்தாள். முதல் வரியில், குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட ஒரு குறியை அடித்தாள். "இந்தக் குறி போட்ட வரியை சர்வர் படிக்காது. தாண்டிப் போயிடும். இது மனுசங்க மனுசங்களுக்காக எழுதி வைக்கிற இடம். நான்கூட இன்னா பண்ணேன்னு மறக்காம இருக்க இப்படித்தான் எழுதி வைப்பேன்." தள்ளி நின்றாள். "இதுக்குப் பக்கத்துல போடுங்க. இருந்துட்டுப் போவட்டும்."

தினமும் நான் எழுதுகிற குறி அது. கல்லூரியில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள். எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் அழிப்பதுதான்.

வீராசாமி எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, விரலை நீட்டி, ஸ்டிக்கரைத் தேடி, உ-வை அழுத்தினார். மங்கை பக்கத்தைப் புதுப்பித்தாள். ஒரு விநாடி வெள்ளையாக இருந்தது. அப்புறம் பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. இந்த முறை கைதட்டல் முன்வரிசையிலிருந்து வந்தது.

"ஏழுமலை, உன் மச்சானுக்கு வேற வேலை பாத்துக்கச் சொல்லு" என்றார் தலைவர். "மங்கை, மினிட்ஸ்ல எழுதிக்க. இந்த சர்வரும் மெயிலும் உன் பொறுப்பு. எல்லாத்துக்கும் மேல ஒரு பாஸ்வேர்டு இருக்குதாமே, அதை எங்க யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா நாங்க துபாய்க்கு அனுப்பிடுவோம்." அப்புறம் பட்டியலைக் கையில் எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "பதினொண்ணுதான் இருக்குது. உன் பேர் எங்க?"

"தீர்மானத்துல இல்லைங்கய்யா."

"அப்ப இதுதான் தீர்மானம். எழுது."

அவள் எழுதினாள். ஏழுமலை உட்பட எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குச் சாப்பாடு போட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு பை நிறைய மல்லாட்டையும் கொடுத்தனுப்பினார்கள். லாக்கைப் பார்க்காமல் அரை மணி நேரம் வீணடித்தவளுக்கு அது அதிகம்தான்.

மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது போன் அதிர்ந்தது. புது மெயில். கம்பெனி சர்வரிலிருந்து வெளியே போன முதல் கடிதம் அது என்று பிறகு லாக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அனுப்பியவர் என்ற இடத்தில் மங்கை என்று இருந்தது, அவள் பெயரிலேயே முகவரி. உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி. கீழே ஒரே வரி:

"அக்கா, இந்த மெயிலை நான்தான் தொட்டேன்."

வெயிலில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். பிறகு மாடிக்குப் போய், அவள் நோட்டைப் பற்றி அறையில் சொல்லாமல் விட்டதையெல்லாம் பதிலாக எழுதினேன்.